கேம்பரின் நல்ல தண்ணீர் அமைப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவிலும் அமெரிக்காவிலும் பழைய டிராவல் ட்ரெயிலர் ஒன்றை வாங்கி, முதல் கோடையிலேயே தண்ணீர்த் தொல்லையில் மாட்டிக்கொள்ளும் நம்மவர்கள் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் போக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். குடிக்கவும் சமைக்கவும் குளிக்கவும் பயன்படும் தண்ணீரைப் பற்றி மட்டுமே இங்கு எழுதுகிறேன். கழிவுத் தொட்டிகளின் சங்கதி வேறு. கேலன் என்று வரும் இடமெல்லாம் 3.785 லிட்டர் கொண்ட அமெரிக்க கேலனையே குறிக்கும். கனடாவில் விற்கப்படும் ட்ரெயிலர்களிலும் அந்த அளவே அச்சிடப்பட்டிருக்கும்.

வண்டியின் வெளிப்புறத்தில் தண்ணீருக்கு இரண்டு வாய்கள் இருக்கின்றன. எதில் ஹோஸைச் செருகுவது?

இரண்டும் வெவ்வேறு பாதைகள். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றும் அகலமான வாய் நேராகத் தொட்டிக்குப் போகிறது; அந்தத் தண்ணீர் 12 வோல்ட் பம்ப் ஓடினால்தான் குழாய்களுக்கு வரும். மரையோடு கூடிய மற்ற வாயில் கேம்ப்கிரவுண்டின் குழாயிலிருந்து வரும் ஹோஸை இணைத்தால், வெளி அழுத்தமே தண்ணீரைக் குழாய்களுக்குள் தள்ளிவிடும். அப்போது தொட்டிக்கும் பம்புக்கும் வேலையில்லை. இரண்டு பாதைகளும் பம்பைத் தாண்டிய ஓரிடத்தில் சேர்கின்றன. புதிய வண்டிகள் சிலவற்றில் ஒரே வாயை வைத்து, தொட்டி நிரப்புவதா குழாய்களுக்கு விடுவதா என்பதைத் திருகித் தேர்வுசெய்யும் வால்வுப் பலகை இருக்கும். உள்ளே நடப்பது இதேதான்.

பம்புக்குள் ஒன்றும், ஹோஸ் இணைக்கும் வாயில் ஒன்றுமாக இரண்டு செக் வால்வுகள் இருக்கின்றன. இவை தண்ணீரை ஒரு திசையில் மட்டுமே விடுபவை. முதலாவது வெளித் தண்ணீர் தொட்டிக்குள் போகாமலும், இரண்டாவது பம்ப் தள்ளும் தண்ணீர் வெளியே கொட்டிவிடாமலும் தடுக்கின்றன. இந்த இரண்டின் இடத்தையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். எந்தக் கோளாறு வந்தாலும், உதிரிபாகம் வாங்கக் கடைக்குப் போகும் முன் இரு பாதைகளிலும் ஒருமுறை தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஒரு பாதையில் மட்டும் கோளாறு தெரிந்தால் காரணம் அந்தப் பாதையில் இருக்கிறது. இரண்டிலும் தெரிந்தால் அவை சேர்ந்த இடத்துக்குப் பிறகு இருக்கிறது. பிழையில்லாத பம்புகள் பல கழற்றி எறியப்படுவது இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான்.

வீட்டிலேயே தொட்டியை நிரப்பிக்கொண்டு கிளம்பலாமா?

கிளம்பலாம், ஆனால் எடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். 40 கேலன் தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 151 கிலோ. வண்டியின் சுமை வரம்பில் அது அப்படியே கழிந்துவிடும். தொட்டியைத் தாங்கும் அடிச்சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பார்க்காமல் நிறைதொட்டியோடு நெடுஞ்சாலையில் ஏறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் மின் இணைப்பு உள்ள மனைகளிலும் பெரும்பாலும் தண்ணீர் இணைப்பு இருக்காது. பொதுவான ஓரிடத்தில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அங்கே கழிவுத் தொட்டியை அலசுவதற்கென்று தனிக் குழாயும் இருக்கலாம். குடிநீர் என்று எழுதியிருக்கும் குழாயிலிருந்து மட்டுமே நிரப்புங்கள்.

தோட்டத்து ஹோஸையே பயன்படுத்தினால் என்ன?

குடிநீருக்கென்று சான்றளிக்கப்பட்ட ஹோஸ் தனியாகக் கிடைக்கிறது. பெரும்பாலும் வெள்ளை அல்லது நீல நிறத்தில் இருக்கும். தோட்டத்து ஹோஸ் குடிநீருக்காகச் செய்யப்பட்டதல்ல. வெயிலில் கிடந்தால் தண்ணீரில் ரப்பர் நாற்றமும் ஏறும். கழிவுத் தொட்டியை அலச வேறு நிறத்தில் ஒரு ஹோஸை வைத்துக்கொண்டு, இரண்டையும் வெவ்வேறு பெட்டிகளில் வையுங்கள்.

அழுத்தக் கட்டுப்படுத்தி கட்டாயமா? எங்கள் வண்டியில் இதுவரை எதுவும் வெடிக்கவில்லை.

கட்டாயம் என்றே சொல்வேன். சில கேம்ப்கிரவுண்டுகளில் குழாய் அழுத்தம் 100 பி.எஸ்.ஐ.யை (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அளவு) தாண்டும். வண்டிக்குள் ஓடும் பெக்ஸ் என்னும் வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் 23 டிகிரி செல்சியஸில் 160 பி.எஸ்.ஐ. தாங்கக்கூடியது, ஆனால் 82 டிகிரி வெந்நீரில் அதே குழாய்க்கு 100தான் வரம்பு. குழாய் தாங்கினாலும், பிளாஸ்டிக் இணைப்புகளும் கழிப்பறையின் வால்வும் தாங்குவதில்லை. அழுத்தத்தை 40 முதல் 60க்குள் வைத்துக்கொள்வது போதுமானது.

கட்டுப்படுத்தியை வண்டியின் வாயில் மாட்டாமல், கேம்ப்கிரவுண்டின் குழாயில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஹோஸுக்கும் பாதுகாப்பு. பீப்பாய் வடிவில் வரும் மலிவான வகை தண்ணீரின் வேகத்தையும் சேர்த்தே குறைத்துவிடுவதால், அளவுமானியோடு கூடிய, திருகிச் சரிசெய்யும் வகைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவழிப்பது தகும்.

1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய வண்டி என்றால் குழாயின் நிறத்தைப் பாருங்கள். சாம்பல் நிறமாக இருந்தால் அது பாலிபியூட்டிலீன் என்ற பழைய வகை பிளாஸ்டிக்காக இருக்கக்கூடும். அதன் உற்பத்தி 1995-இல் நின்றுபோனது. தண்ணீரிலுள்ள குளோரின் நாளடைவில் அந்தக் குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் பொடிந்துபோகச் செய்யும். அத்தகைய வண்டியில் 40ஐத் தாண்ட வேண்டாம்.

தொட்டியை நிரப்பும்போது தண்ணீர் முகத்தில் அடிக்கிறது. தொட்டி நிரம்பவும் இல்லை.

தண்ணீர் உள்ளே போக வேண்டுமானால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும். அதற்கான சிறு குழாய் மடங்கியிருக்கும், அல்லது அதன் வாயில் பூச்சி கூடு கட்டியிருக்கும். அதைச் சுத்தம் செய்துவிட்டு, குழாயை மெதுவாகத் திறந்து நிரப்புங்கள்.

பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை. பம்ப் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் வெளி ஹோஸை இணைத்துப் பாருங்கள். எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் வந்தால், கோளாறு தொட்டியிலிருந்து பம்ப் வரையுள்ள பாதையில்தான் இருக்கிறது. வசந்த காலத்தில் வரும் இந்தப் புகாருக்கு முதன்மையான காரணம், குளிர்காலத்தில் உறைதடுப்பு திரவத்தை உறிஞ்சுவதற்காகத் திருப்பிய வால்வைத் திரும்பவும் தொட்டிப் பக்கம் திருப்பாமல் விட்டுவிடுவதுதான். பம்ப் தொட்டியை விட்டுவிட்டு, அந்தத் திரவத்தை உறிஞ்சும் சிறு குழாய் வழியாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

வால்வு சரியாக இருந்தால் பம்பின் நுழைவாயிலிலுள்ள வடிகட்டியைக் கழற்றுங்கள். தொட்டியில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சுருள்கள் அதில் அடைத்துக்கொண்டிருப்பது, புதிய வண்டிகளில்கூட உண்டு. அதுவும் சுத்தமாக இருந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பம்புக்கு முந்தைய குழாய் உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கே இணைப்பு தளர்ந்திருந்தால் தண்ணீர் வெளியே சொட்டாமல் காற்று உள்ளே போகும். தரை காய்ந்திருப்பதைப் பார்த்துக் கசிவு இல்லை என்று முடிவுசெய்துவிடாதீர்கள். வடிகட்டியின் ஒளிபுகும் கிண்ணத்தில் குமிழிகள் ஓடினால் அதுவே சான்று.

பம்ப் சத்தமே போடவில்லை என்றால்?

ஃபியூஸ், பேட்டரி, சுவிட்சு என்ற வரிசையில் பாருங்கள். சில வண்டிகளில் சமையல் மேடையில் ஒன்று, குளியலறையில் ஒன்று என இரண்டு சுவிட்சுகள் இருக்கும். அடுத்து, ஒரு குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பம்புக்கு வரும் கம்பிகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 12 வோல்ட் வராவிட்டால் குற்றம் கம்பியில். குறிப்பாகச் சட்டத்தோடு திருகிய எர்த் முனை துருப்பிடித்திருக்கும். 12 வோல்ட் வந்தும் பம்ப் அசையாவிட்டால், அதன் தலையிலுள்ள அழுத்த சுவிட்சின் இரு முனைகளையும் ஒரு கணம் இணைத்துப் பாருங்கள். உடனே ஓடினால் சுவிட்சை மட்டும் மாற்றினால் போதும்.

யாரும் குழாயைத் திறக்காதபோதும், இரவில் பம்ப் திடீரென்று ஓரிரு விநாடி ஓடி நிற்கிறது. ஏன்?

குழாய்களில் அழுத்தம் குறைந்தால் பம்ப் ஓடும். உரிய அழுத்தம் வந்ததும் நிற்கும். 55 பி.எஸ்.ஐ.யில் நிற்கும் பம்புகள் வண்டிகளில் பரவலாக உள்ளன. ஆகவே குழாய் எதையும் திறக்காமல் பம்ப் ஓடுகிறது என்றால், அடைபட்டிருக்க வேண்டிய தண்ணீர் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அது வெளியே போகிறதா, தொட்டிக்கே திரும்புகிறதா என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு, தொட்டியைப் பாதியளவு வைத்துக்கொண்டு பம்பை அணைத்துவிட்டு, கட்டுப்படுத்தி வழியாக வெளி ஹோஸை இணைத்துச் சில மணி நேரம் விடுங்கள். தொட்டியின் மட்டம் ஏறியிருந்தால் பம்பின் செக் வால்வு தண்ணீரைத் திரும்ப விடுகிறது. சுவரிலுள்ள மானி மூன்றில் ஒரு பங்குக் கணக்கில் மட்டுமே காட்டும் என்பதால், தொட்டியையே நேரில் பார்த்துப் பென்சிலால் மட்டத்தைக் குறித்துவைப்பது நல்லது. மட்டம் ஏறாவிட்டால் கசிவு வேறெங்கோ இருக்கிறது. கழிப்பறைக் கிண்ணத்துக்குள் ஒழுகும் மெல்லிய கோடு, வெளிப்புற ஷவரின் பெட்டி, வண்டியின் அடியிலுள்ள வடிகால் வால்வுகள், வெந்நீர்க் கலத்தின் பாதுகாப்பு வால்வு ஆகியவற்றைப் பாருங்கள். பம்ப் ஓடும்போது ஹோஸ் இணைக்கும் வாயிலிருந்து சொட்டினால் அங்கிருக்கும் செக் வால்வுதான் குற்றவாளி.

பம்பின் செக் வால்வில் மணலோ துகளோ சிக்கியிருந்தால் தலைப்பகுதியைக் கழற்றி அலசினாலே சரியாகிவிடும். இல்லாவிட்டால் தலைப்பகுதி தனியாகக் கிடைக்கும், அல்லது பம்பை அடுத்து ஒரு செக் வால்வைத் தனியே பொருத்தலாம். அழுத்த சுவிட்சின் திருகாணியைத் திருகி இந்தக் கோளாறை மறைக்க முயல வேண்டாம்.

வெளி ஹோஸில் இருக்கும்போது தொட்டி தானாக நிரம்பி வண்டிக்கு அடியில் வழிகிறது.

மேலே சொன்ன பம்பு செக் வால்வின் கோளாறேதான், இன்னும் முற்றிய நிலையில். வால்வுப் பலகை உள்ள வண்டியானால், தொட்டி நிரப்பும் வால்வு முழுதாக மூடாமல் இருப்பதும் காரணமாகலாம். சரிசெய்யும் வரை ஹோஸைப் பிடுங்கிவிட்டுப் பம்பை மட்டும் பயன்படுத்துங்கள். காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் தொட்டியே உப்பிச் சிதையக்கூடும்.

நிரப்பிக்கொண்டு கிளம்பினோம், போய்ச் சேர்ந்தபோது தொட்டி பாதி காலி. கசிவைக் காணவில்லை.

வண்டி குலுங்கும்போது தண்ணீர் அலைந்து வழிவுக்குழாயில் ஏறி, அங்கிருந்து சைஃபனாக இறங்கத் தொடங்கியிருக்கும். ஒருமுறை தொடங்கினால் நீர்மட்டம் குழாயின் வாய்க்குக் கீழே போகும்வரை நிற்காது. பயணத்தின்போது மட்டும் தொட்டியைச் சற்றுக் குறைவாக நிரப்புவது எளிய வழி; குழாயின் உயர்ந்த இடத்தில் காற்று நுழைய வழிசெய்வது நிரந்தர வழி.

குழாய் உடைந்துவிட்டது. நானே மாற்ற முடியுமா?

முடியும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது அரை அங்குல பெக்ஸ். வீட்டுக்கான கடைகளில் கிடைப்பதும் அதுவே. உடைந்த பகுதியை நேர்கோணத்தில் வெட்டி, புதுத் துண்டை இணைக்க வேண்டும். அழுத்திச் செருகும் வகை இணைப்புக்குக் கருவி வேண்டாம். உள்ளே எவ்வளவு போக வேண்டுமோ அந்த ஆழத்தைக் குழாயில் பேனாவால் குறித்துக்கொண்டு, கோடு மறையும் வரை தள்ளினால் போதும். விலை கூடுதல், இடமும் கூடுதலாகப் பிடிக்கும். பல இடங்களில் மாற்றுவதானால் ஸ்டெயின்லெஸ் வளையமும் அதை நெரிக்கும் கருவியும் வாங்குவதே சிக்கனம். அந்தக் கருவி குறுகலான இடங்களிலும் நுழையும். பழைய பாலிபியூட்டிலீனுடன் இணைக்க அதற்கென்றே உள்ள மாற்று இணைப்பு வேண்டும்.

பம்பிலும் குழாய்களின் அடியிலும் உள்ள பிளாஸ்டிக் மரைகளில் நீர் அடைப்பைத் தருவது உள்ளிருக்கும் ரப்பர் வளையமே. அங்கே டெஃப்லான் டேப் சுற்ற வேண்டாம், ஸ்பேனரால் முறுக்கவும் வேண்டாம். கையால் இறுக்கினால் போதும். ஒழுகுகிறதே என்று இன்னும் இறுக்கி மரையை வெடிக்கவைத்தவர்கள் ஏராளம்.

தொட்டியிலேயே விரிசல். எபாக்ஸி பூசினேன், நிற்கவில்லை.

நல்ல தண்ணீர்த் தொட்டிகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. எந்தப் பசையும் அதில் உறுதியாகப் பிடிக்காது. அதே பொருளாலான குச்சியை உருக்கி வெல்டிங் செய்ய வேண்டும். விரிசல் குழாய் இணையும் கழுத்தில் இருந்தால், வெல்டிங்கைவிடத் தொட்டியை மாற்றுவதே மேல்.

வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. ஹீட்டர் நன்றாக எரிகிறதே.

ஹீட்டரின் பின்புறத்தில், குளிர்காலத்தில் அதைத் தவிர்த்துவிட்டுத் தண்ணீரை நேராக விடும் பைபாஸ் வால்வுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பாதி திறந்திருந்தாலும் குளிர்ந்த நீர் வெந்நீரோடு கலந்துவிடும். அது சரியாக இருந்தால் வெளிப்புற ஷவரைப் பாருங்கள். அதன் கைப்பிடியில் மட்டும் தண்ணீரை நிறுத்திவிட்டு இரண்டு திருகுகளையும் திறந்தே விட்டிருந்தால், அங்கேயும் இரண்டு நீரும் கலந்து உள்ளே திரும்பும்.

ஹீட்டரின் பாதுகாப்பு வால்வு சூடாகும்போதெல்லாம் சொட்டுகிறது. மாற்றிவிட்டேன், புதிதும் சொட்டுகிறது.

இது வால்வின் குற்றமாக இருக்காது. தண்ணீர் சூடானால் விரியும். வீட்டில் அந்தக் கூடுதல் அளவு தெருக்குழாய்ப் பக்கமே பின்வாங்க வழியிருக்கலாம். கேம்பரிலோ முதல் பதிலில் சொன்ன இரண்டு செக் வால்வுகளும் வழியை அடைத்துவிடுகின்றன. எனவே கலத்தின் மேற்பகுதியில் நிற்கும் காற்றே அந்த விரிவைத் தாங்குகிறது. நாளடைவில் அந்தக் காற்று தண்ணீரில் கரைந்துபோனால் அழுத்தம் ஏறி, 150 பி.எஸ்.ஐ.க்கென அமைத்த வால்வு சொட்டத் தொடங்கும்.

காற்றை மீட்கும் முறை இது: ஹீட்டரை அணைத்துத் தண்ணீர் முழுதாக ஆறும்வரை காத்திருங்கள். பம்பையும் வெளித் தண்ணீரையும் நிறுத்துங்கள். ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, பாதுகாப்பு வால்வின் நெம்புகோலைத் தூக்கி, நீர் வடிவது தானாக நிற்கும்வரை பிடித்திருங்கள். பின்னர் இரண்டையும் மூடிப் பம்பைப் போடுங்கள். இதற்குப் பிறகும் சொட்டினால்தான் வால்வைச் சந்தேகிக்க வேண்டும். எக்காரணம் கொண்டும் அந்த வாயை அடைத்துவிடாதீர்கள்.

ஆனோடு கம்பியை ஆண்டுதோறும் மாற்றச் சொல்கிறார்கள். என் ஹீட்டரில் அப்படியொன்றே இல்லை.

சபர்பன் நிறுவனத்தின் ஹீட்டர்களின் கலம் உட்பூச்சு கொண்ட எஃகு. துரு கலத்தைத் தின்னாமல் ஆனோடு கம்பியைத் தின்னட்டும் என்பதே ஏற்பாடு. கம்பியில் முக்கால் பங்கு கரைந்திருந்தால் மாற்றுங்கள். அட்வுட் நிறுவனத்தின் கலம் அலுமினியம். அதில் ஆனோடு கிடையாது, தேவையுமில்லை, வடிகாலில் ஒரு பிளாஸ்டிக் திருகு மட்டும் இருக்கும். எந்த வகையானாலும், தண்ணீர் ஆறி அழுத்தம் வெளியேறிய பிறகே அதைக் கழற்ற வேண்டும்.

வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம்.

குளிர்ந்த நீரிலும் நாற்றம் இருக்கிறதா என்று முதலில் முகர்ந்து பாருங்கள். இருந்தால் மூலம் தொட்டியோ நிரப்பிய தண்ணீரோ. வெந்நீரில் மட்டும் என்றால் இடம் ஹீட்டர். பயன்படுத்தாமல் தேங்கிய நீரில் சல்ஃபேட்டை உண்ணும் பாக்டீரியா பெருகி ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை உண்டாக்குகிறது. மெக்னீசிய ஆனோடு அதற்குத் துணைபோகிறது. கலத்தைக் காலிசெய்து அலசி, அடுத்த பதிலில் உள்ளபடி குளோரின் ஏற்றுங்கள். மீண்டும் மீண்டும் வந்தால் அலுமினிய ஆனோடுக்கு மாறிப் பாருங்கள்.

ப்ளீச் ஊற்றிச் சுத்தம் செய்வது எப்படி? எவ்வளவு ஊற்ற வேண்டும்?

வாசனை சேர்க்காத சாதாரண ப்ளீச், தொட்டியின் ஒவ்வொரு 15 கேலனுக்கும் கால் கப், அதாவது 60 மில்லி. 40 கேலன் தொட்டிக்கு 160 மில்லி. 5 முதல் 6 சதவீதச் செறிவுள்ள ப்ளீச்சுக்கான கணக்கு இது. செறிவு கூடினால் அளவைக் குறையுங்கள். ஃபில்டர்களை முன்பே கழற்றிவிட்டு, ப்ளீச்சை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து ஊற்றித் தொட்டியை நிரப்புங்கள். பின்னர் பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். வெளிப்புற ஷவரை மறக்க வேண்டாம். குறைந்தது நான்கு மணி நேரம் கழித்துக் காலிசெய்து, வாடை போகும்வரை நல்ல தண்ணீரால் அலசுங்கள். ப்ளீச்சை வினிகரோடு கலக்கவே கூடாது, நச்சுவாயு வரும்.

ஃபில்டர் இருக்கிறதே, ஏரித் தண்ணீரை நிரப்பலாமா?

கூடாது. வழக்கமான கார்பன் ஃபில்டர் சுவையையும் குளோரினையும் நீக்கும், கிருமியை நீக்காது.

குளிர்காலத்துக்குக் காற்றடித்தால் போதுமா, இளஞ்சிவப்புத் திரவம் ஊற்ற வேண்டுமா?

உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரியும். ஒரு வால்வை உடைக்கச் சில துளிகள் போதும். காற்றடிப்பதானால் 40 பி.எஸ்.ஐ. அளவில் அடிக்கலாம், ஆனால் பம்பின் உள்ளேயும் குழாய் தாழும் இடங்களிலும் தண்ணீர் தங்கிவிடும். கனடியக் குளிருக்கு அந்த இளஞ்சிவப்பு உறைதடுப்பு திரவத்தையே நம்புவேன். அது புரொப்பிலீன் கிளைக்கால் வகையாக இருக்க வேண்டும். கார் எஞ்சினுக்கான எத்திலீன் கிளைக்கால் நஞ்சு.

தொட்டியையும் ஹீட்டரையும் வடித்து, பைபாஸைத் திருப்பிய பிறகே திரவத்தை உறிஞ்சவிடுங்கள்; அப்போது இரண்டு மூன்று கேலனில் வேலை முடியும், இல்லாவிட்டால் ஹீட்டர் கலமே ஆறு கேலன் குடித்துவிடும். ஒவ்வொரு குழாயிலும் வெந்நீர், தண்ணீர் இரண்டிலும் நிறம் வரும்வரை திறந்துவிடுங்கள், கழிப்பறையையும் அழுத்துங்கள். பலர் தவறவிடும் இடம் ஹோஸ் வாயின் செக் வால்வு: பம்பை நிறுத்தி, ஒரு குழாயைத் திறந்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்த வால்வின் நடுவிலுள்ள முனையைக் குச்சியால் மெல்ல அழுத்தினால் பின்னால் நின்ற தண்ணீர் வெளியேறும்.

வசந்தத்தில் முதல்முறை தண்ணீர் விடும்போது எதை முதலில் பார்ப்பது?

வெளி ஹோஸை உடனே இணைத்துவிடாதீர்கள். உடைந்த இடம் இருந்தால் அது நிற்காமல் கொட்டிக்கொண்டே இருக்கும். தொட்டியில் சில கேலன் மட்டும் ஊற்றி, உறிஞ்சு வால்வைத் தொட்டிப் பக்கம் திருப்பி, பம்பில் தொடங்குங்கள். திரவம் போய்த் தெளிந்த நீர் வந்ததும் எல்லாவற்றையும் மூடிவிட்டு, பம்ப் நிற்கிறதா என்று கேளுங்கள். நின்றால், பத்து நிமிடம் கழித்தும் ஓடாவிட்டால், குழாய்கள் நலம். அதன்பின் பைபாஸைத் திருப்பி ஹீட்டரை நிரப்பலாம். கலம் நிரம்பி வெந்நீர்க் குழாயில் சீராகத் தண்ணீர் வருவதற்கு முன் எரிவாயுவையோ மின்சாரத்தையோ போடக்கூடாது, ஏனெனில் காலியான கலத்தில் மின்சூடாக்கி நொடிகளில் எரிந்துபோகும்.

பம்ப் நிற்காவிட்டால் கழிப்பறையின் பின்புறத்திலிருந்து தேடத் தொடங்குங்கள். பனியில் முதலில் உடைவது அநேகமாக அங்கிருக்கும் பிளாஸ்டிக் வால்வுதான். அடுத்தது வெளிப்புற ஷவர்.